உடைஞ்ச எக்ஸாஸ்ட் ஸ்டட்: ஈஸி அவுட்டா, வெல்டிங்கா?

செவ்வாய்ப்பேட்டை லேத்:
நேத்து இங்க ஒருத்தர் எழுதினதைப் படிச்சதுல இருந்து மனசு ஆறல. "மாருதி 800-ல மேனிஃபோல்டு ஸ்டட் ஹெட் மட்டத்துக்கு முறிஞ்சா நடுவுல துளை போட்டு ஈஸி அவுட் விட்டாப் போதும், வெல்டிங் அடிக்கணும்னு சொல்ற பட்டறைக்காரன் ஏமாத்துறான்"னு. யாருங்க ஏமாத்துறது? தெரியாதவங்களுக்குச் சொல்றேன்: மேனிஃபோல்டுங்கிறது இன்ஜின் புகையை வெளியே எடுத்துட்டுப் போற குழாய், ஹெட்டுங்கிறது இன்ஜினோட மேல் பாகம், அந்தக் குழாயை ஹெட்டோட பிடிச்சு வைக்கிற மரை போட்ட கம்பிதான் ஸ்டட். ஈஸி அவுட்டுங்கிறது முறிஞ்ச ஸ்டட்டுல போட்ட துளைக்குள்ள விட்டு, கழட்டுற பக்கமா திருப்புற கருவி. முழு நட்டுல ஸ்பேனர் போட்டே திரும்பாம முறிஞ்ச ஸ்டட் அது. அதைவிட ஒல்லியான ஈஸி அவுட்டுக்கு அசைஞ்சு குடுத்துடுமா? ஈஸி அவுட்டும் உள்ளே முறிஞ்சா, அது ரொம்பக் கெட்டியான உருக்குங்கிறதால சாதா ட்ரில் பிட் அதைத் தொடவே தொடாது. அப்படி முறிச்சுட்டுத்தான் எங்கிட்ட வர்றாங்க.

அம்மாபேட்டை 800:
எழுதினது நான்தான், நேராவே கேட்கலாம். என் வண்டி ஹெட் அலுமினியம். வெல்டிங் சூட்டுல ஹெட் வளைஞ்சிடும். அவ்வளவுதான் விஷயம்.

செவ்வாய்ப்பேட்டை லேத்:
வெல்டிங் ஹெட்டுல இல்லீங்க, ஸ்டட் முனையில. முதல்ல பேட்டரி நெகட்டிவைக் கழட்டணும். 8 எம்எம் ஸ்டட் மேல ஒரு வாஷர், அதுமேல நட்டு. நட்டு ஓட்டை வழியா நடுவுல மட்டும் புள்ளி வெச்சு நிரப்பணும். இரும்பு வெல்டிங் அலுமினியத்தைப் பிடிக்காது, அதனால பக்கத்துல இருக்குற மரைக்குச் சேதம் கிடையாது. சிவப்பு போனதும் மெழுகுவர்த்தியை ஸ்டட் ஓரமா தேய்ச்சா உருகி உள்ளே இறங்கும். அப்புறம் கால் சுத்து முன்ன, கால் சுத்து பின்ன. கிரீச்னு ஒரு சத்தம் வரும், அது வந்துட்டா ஸ்டட் வந்த மாதிரி. சூட்டுல உள்ள துரு விடுறதுதான் இதுல பாதி வேலை. ஈஸி அவுட்ல அந்தச் சூடு எங்க இருக்கு?

அம்மாபேட்டை 800:
கதை நல்லா இருக்கு. ஹெட் வளைஞ்சா யார் பணம் குடுப்பா?

ஏற்காடு காபி:
எங்க பழைய அம்பாசடர் ஹெட் வார்ப்பிரும்பு. ராத்திரி முழுக்க மண்ணெண்ணெய் ஊத்தி ஊறவெச்சு, காலையில பத்தவெச்சுச் சுட்டுத் திருப்பினா வந்துடும். இந்த வளையுற பேச்சே கிடையாது. 20 கொண்டை ஊசி வளைவு ஏறுற வண்டிக்கு அம்பாசடர்தான் சரி.

அம்மாபேட்டை 800:
ஆமா, ரெண்டாவது வளைவுலயே ரேடியேட்டர் கொதிக்கும்.

ஏற்காடு காபி:
என் வண்டியைப் பத்திப் பேச நீங்க யாருங்க? போன மழைக்கு அடிவாரத்துல நின்னு போன உங்க 800-ஐக் கயிறு கட்டி இழுத்தது எந்த வண்டி?

செவ்வாய்ப்பேட்டை லேத்:
ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. ஹெட் வளையுறது தண்ணி இல்லாம இன்ஜின் கொதிக்கும்போது. சில விநாடி புள்ளி வெல்டிங்ல இல்ல. ஸ்டட் ஏன் முறியுதுன்னு ஒருத்தரும் கேட்கல பாருங்க. சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப் போலக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியும். தினமும் அந்த இழுபறி. மேனிஃபோல்டு நீளமா விரியுறதால ஓரத்து ஸ்டட்தான் பெரும்பாலும் முதல்ல போகும். காலையில ஸ்டார்ட் பண்ணும்போது டிக் டிக்னு கேட்டு, சூடானதும் நின்னு போச்சுன்னா கேஸ்கட் (ரெண்டு பாகத்துக்கு நடுவுல கசியாம இருக்க வைக்கிற தகடு) வழியா புகை கசியுதுன்னு அர்த்தம். கண்ணாடி ஏத்திட்டு மலை ஏறுறவங்க இதை அசட்டை பண்ணாதீங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தலைவலி வந்தப்புறம்தான் தெரியும்.

ஐந்துரோடு:
எவர்சில்வர் ஸ்டட் போட்டா துருவே பிடிக்காதே. சேலம் உருக்காலை இருக்கிற ஊர்ல இருந்துகிட்டு இரும்பு ஸ்டட்டுக்கு ஏன் இந்தச் சண்டை?

செவ்வாய்ப்பேட்டை லேத்:
உருக்காலையில வர்றது எவர்சில்வர் தகடுங்க, ஸ்டட் கடையிற கம்பி இல்ல. எவர்சில்வர் ஸ்டட்ல எவர்சில்வர் நட்டு போட்டா மரையோட மரை கடிச்சுக்கிட்டு இறுகிடும், அப்புறம் அறுத்துத்தான் எடுக்கணும். நல்ல ஸ்டட், பித்தளை நட்டு, மரையில காப்பர் கிரீஸ். அடுத்த தடவை சுலபமா கழட்டலாம்.

ஐந்துரோடு:
ஊர் உருக்காலையைக் குறைச்சுப் பேசாதீங்க. எங்க அப்பா அங்க வேலை பார்த்தவர்.

செவ்வாய்ப்பேட்டை லேத்:
தகடுன்னு சொன்னா குறைச்சுப் பேசுறதா? உங்க அப்பாவையே கேளுங்க தம்பி.

அம்மாபேட்டை 800:
பேச்சை மாத்தியாச்சு. என் மச்சான் வண்டிக்கு ஒரு பட்டறையில வெல்டிங் அடிச்சாங்க, ஒரே மாசத்துல ஹெட் கேஸ்கட் போச்சு. ஹெட் வளைஞ்சுதானே போச்சு?

செவ்வாய்ப்பேட்டை லேத்:
ஹெட்டைக் கழட்டி ஸ்ட்ரெயிட் எட்ஜ்னு சொல்ற நேர் பட்டையை வெச்சு, இடைவெளி அளக்குற மெல்லிசுத் தகடான ஃபீலர் கேஜை விட்டுப் பார்த்தாங்களா? பார்க்காம எப்படி வளைஞ்சதுன்னு சொல்றீங்க? அந்த வண்டியில தண்ணி எத்தனை நாள் குறைஞ்சு கிடந்துச்சுன்னு மச்சானைக் கேளுங்க.

அம்மாபேட்டை 800:
மச்சானை இழுக்காதீங்க. அலுமினியம்னா வளையும், எல்லாருக்கும் தெரிஞ்சது.

ஏற்காடு காபி:
வார்ப்பிரும்பு லேசுல வளையாது.

அம்மாபேட்டை 800:
உங்களை யாரும் கேட்கல.

செவ்வாய்ப்பேட்டை லேத்:
சரி, துளை போடுறேன்னே வெச்சுக்குவோம். நடுப்புள்ளி அரை எம்எம் தள்ளிப் போனா பிட் இரும்பை விட்டு அலுமினியத்துக்குள்ள சாயும், மரை போச்சு. அப்புறம் ஹெலிகாயில், அதாவது போன மரைக்குப் பதிலா வைக்கிற கம்பிச் சுருள், போட நம்மகிட்டதான் வரணும். வெல்டிங்ல வரலைன்னா மட்டும்தான் துளை. அதுக்கும் இடது சுத்து ட்ரில் பிட், பல நேரம் அந்தச் சூட்டுலயும் இழுப்புலயுமே ஸ்டட் கழண்டு வந்துடும். ஈஸி அவுட் என் பட்டறை டிராயரை விட்டு வெளியே வராது.

அம்மாபேட்டை 800:
அந்த டிராயர்லயே இருக்கட்டும். எங்கிட்ட புது செட் இருக்கு, ஞாயித்துக்கிழமை நானே எடுக்கிறேன்.

ஐந்துரோடு:
அண்ணா, அந்தப் பித்தளை நட்டு சேலத்துல எந்தக் கடையில கிடைக்கும்?

ஏற்காடு காபி:
ஞாயித்துக்கிழமை கயிறு எடுத்துட்டு வரட்டுமா?