கார்னெட்-பயோட்டைட் தெர்மாமீட்டர் 650 டிகிரி காட்டுது, கல்லுல பெரும்பாலும் அதிக சூட்டுல வர்ற சஃபிரின் தாது இருக்கு, எதை நம்புறது?

மலைக்கல்:
எல்லாருக்கும் வணக்கம். எம்.எஸ்சி ப்ராஜெக்ட்டுக்காக பழனி மலைப் பக்கம் எடுத்த கிரானுலைட் (ஆழத்துல ரொம்ப சூட்டுல உருமாறுன கல்லு), தென்னிந்தியாவோட பழைய நிலப்பகுதியான மதுரை பிளாக்ல வருது. மைக்ராஸ்கோப்ல பாக்குற மெல்லிய கல் ஸ்லைடுல பெரிய கார்னெட், அதுக்குள்ள சிலிமனைட் ஊசி, கார்னெட்டைச் சுத்தி சஃபிரினும் கார்டியரைட்டும் புழு நெளிஞ்ச மாதிரி பின்னிக்கிட்டு ஒரு வளையம். ப்ரோப் டேட்டா (ஒவ்வொரு தாதுவோட கெமிஸ்ட்ரி) வந்ததும், அதை வச்சு வெப்பநிலை கணக்கு போடுற 1978 ஃபெர்ரி-ஸ்பியர் தெர்மாமீட்டர்ல கார்னெட் ரிம்மையும் (ஓரம்) பக்கத்துல இருக்குற பயோட்டைட்டையும் போட்டேன், 650 டிகிரி கிட்ட வருது. ஆனா இந்த ஏரியா கல்லெல்லாம் 900 டிகிரிக்கு மேல போனதுன்னு பேப்பர்ல படிக்கிறோம். கைடு முழு பி-டி பாதையும் (கல்லு கடந்து வந்த அழுத்தம்-வெப்பநிலை வழி) வரையச் சொல்றாங்க, என்கிட்ட இருக்குறது ஒரே ஒரு புள்ளி. எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

கிரானுலைட் அண்ணன்:
தம்பி, அந்த 650 தப்பான நம்பர் இல்ல, ஆனா அது உச்ச வெப்பநிலை இல்ல. கார்னெட்டும் பயோட்டைட்டும் இரும்பையும் மெக்னீசியத்தையும் மாத்திக்கிட்டே இருக்கும், கல்லு ஆறிக்கிட்டு வரும்போதும் அது நிக்காது, அயான் நகர முடியாத அளவுக்கு ஆறுன பிறகுதான் நிக்கும், நீ அளந்தது அந்த நின்ன இடத்தை. ரிம்மும் பயோட்டைட்டும் ஒட்டி இருக்குற இடம்னா கேக்கவே வேணாம். இன்னொண்ணு, அந்த 650-ஐ அப்படியே கார்னெட்-சிலிமனைட்-பிளேஜியோகிளேஸ்-குவார்ட்ஸ் பாரோமீட்டர்ல (அழுத்தம் கணக்கு போடுறது) போட்டுடாத, பி-டி படத்துல அதோட கோடு வெப்பநிலையோட சேர்ந்து ஏறுறது, வெப்பம் குறைஞ்சா அழுத்தமும் கூடவே இறங்கிடும், அப்புறம் 30 கிலோமீட்டருக்குக் கீழ இருந்த கல்லை 20-லயே நிறுத்திடுவ.

ஆர்த்தோபைராக்ஸீன் தாது இருந்தா அதோட கோர்ல (நடுப்பகுதி) அலுமினியம் பாரு. அலுமினியம் ரொம்ப மெதுவா நகரும், அதனால பழைய சூட்டை விடாம வச்சிருக்கும். அலுமினா 8 சதவீதத்துக்கு மேல இருந்தா 900-க்கு மேல போயிருக்குன்னு தைரியமா யோசிக்கலாம். சஃபிரின் இருக்குறதாலயே 900-ன்னு மட்டும் எழுதிடாத, சஃபிரினும் குவார்ட்ஸும் நேரா ஒட்டி இருக்கணும், அதுதான் சாட்சி. அதுலயும் இரும்பு ஆக்ஸிடைஸ் ஆகியிருந்தா அந்த ஜோடி இன்னும் கம்மி சூட்டுலயே நிக்கும்.

மலைக்கல்:
நன்றி அண்ணா, குவார்ட்ஸ் அந்த வளையத்துல தொடல, தள்ளிதான் இருக்கு. அப்போ அந்த வளையம் எதைச் சொல்லுது?

தென்மலை:
அதுதான் உன் கல்லுல இருக்குற நல்ல விஷயமே. கார்னெட்டும் சிலிமனைட்டும் சேர்ந்து சஃபிரினும் கார்டியரைட்டுமா மாறியிருக்கு. கார்டியரைட் அடர்த்தி 2.6 சுமார், கார்னெட் 3.7-க்கு மேல, அப்போ இந்த மாற்றத்துல கனஅளவு கூடுது, அழுத்தம் குறைஞ்சாதான் அது நடக்கும். கல்லு சூடு பெருசா குறையாமலே மேல ஏறி வந்திருக்குன்னு அர்த்தம். இதுவே ஆர்த்தோபைராக்ஸீனுக்கும் பிளேஜியோகிளேஸுக்கும் நடுவுல புதுசா கார்னெட் வளையம் வந்திருந்தா கதை வேற, ஆழத்துலயே கிடந்து ஆறியிருக்குன்னு யோசிக்கணும், அண்டார்டிகா நேப்பியர் காம்ப்ளெக்ஸ் கல்லுங்க மாதிரி. நம்பர் ஒரு புள்ளியைத்தான் குடுக்கும், எந்தப் பக்கம் போச்சுங்கிறதை இந்த வளையம்தான் சொல்லும். அதனால சாஃப்ட்வேரைத் திறக்குறதுக்கு முன்னாடி ஸ்லைடைத் திரும்பத் திரும்பப் பாரு, எது எதுக்குள்ள இருக்கு, எது எதைத் தின்னுருக்குன்னு வரைஞ்சு வை. சூடு ஏறுன பாதைக்கு கார்னெட் கோருக்குள்ள மாட்டிக்கிட்ட தாதுங்கதான் மிச்சம், ஏன்னா இவ்வளவு சூட்டுல கார்னெட்டோட பழைய ஜோனிங் (நடுவுல இருந்து ஓரம் வரை மாறுற கெமிஸ்ட்ரி) பெரும்பாலும் கலைஞ்சு சமமாயிடும்.

கண்டிக்கல்:
நான் இலங்கையில ஹைலண்ட் காம்ப்ளெக்ஸ் கல்லுகளில வேலை செய்யிறன், இஞ்சயும் இதே பிரச்சினைதான். சூடோசெக்ஷன் (ஒரு கெமிஸ்ட்ரிக்கு எந்த அழுத்த வெப்பநிலையில எந்தத் தாது வரும் எண்டு காட்டுற படம்) போடேக்க முழுக் கல்லின்ர எக்ஸ்ஆர்எஃப் (எக்ஸ்ரே வச்சு எடுக்கிற கெமிஸ்ட்ரி) டேட்டாவை அப்பிடியே குடுக்காதேங்கோ. உங்கட வளையம் சில மில்லிமீட்டர் இடத்துக்குள்ள நடந்த விஷயம், குவார்ட்ஸ் அதில பங்கெடுக்கவே இல்லை எண்டால் அந்த இடத்தின்ர தாது விகிதத்தையும் ப்ரோப் டேட்டாவையும் வச்சு தனியா ஒரு கெமிஸ்ட்ரி எடுக்கோணும். தண்ணியையும் ஃபெரிக் (ஆக்ஸிடைஸ் ஆன) இரும்பையும் ஊகிச்சு ஒரே ஒரு நம்பர் போடாம, வெப்பநிலைக்கு எதிரா ரெண்டையும் மாத்தி மாத்தி தனிப் படம் போட்டுப் பாருங்கோ. இவ்வளவு சூடு கண்ட கல்லில உருகின பகுதி வெளிய போயிருக்கும், இப்ப கையில இருக்கிற கெமிஸ்ட்ரி உச்சத்துக்குப் பிறகான பாதைக்குத்தான் சரி. உருகலைத் திருப்பிச் சேர்க்காம சூடு ஏறின பாதையை அதே படத்தில கீறினா நான் நம்பமாட்டன்.

மலைக்கல்:
சூடோசெக்ஷன் போட தெர்மோகால்க் சாஃப்ட்வேர் போதுமா இல்ல பெர்பிள்-எக்ஸ் கத்துக்கணுமா? அப்புறம், உச்சமும் வளையமும் ஒரே காலத்துலதான் வந்துச்சுன்னு எப்படி உறுதி பண்றது?

கிரானுலைட் அண்ணன்:
ஏதாவது ஒண்ணை ஒழுங்காக் கத்துக்க, போதும். ரெண்டாவது கேள்விதான் முக்கியம். ஒரு பழைய உருமாற்றத்தோட கார்னெட் மேல பல கோடி வருஷம் கழிச்சு வந்த இன்னொரு சூடு வளையம் போட்டிருக்கலாம், ரெண்டையும் ஒரே கோட்டுல இணைச்சா நடக்காத பாதையை வரைஞ்சிடுவ. மோனசைட் தேடு, வயசு கணக்கு போட உதவுற சின்னத் தாது அது. கார்னெட்டுக்குள்ள இருக்குறது தனி, வளையத்துல இருக்குறது தனின்னு பிரிச்சு டேட் பண்ணணும், கூடவே அதுல யிட்ரியம்ங்கிற தனிமம் அளக்கணும். கார்னெட் வளரும்போது யிட்ரியத்தை அதுவே எடுத்துக்கும், அப்போ வளர்ந்த மோனசைட்ல கம்மியா இருக்கும், கார்னெட் உடையும்போது வளர்ந்ததுல கூடும். அந்தப் பக்கத்துல சுமார் 55 கோடி வருஷம், கோண்ட்வானா பெருங்கண்டம் ஒட்டுன காலம், நிறைய வருது, உன் வளையத்துல இருக்குற மோனசைட்டும் அதையே சொல்லுதான்னு பாத்துட்டு அப்புறம் அம்புக்குறி போடு. கல்லை அரைச்சு பவுடராக்கி மோனசைட் பிரிக்கக் குடுத்துடாத, எது எங்க இருந்துச்சுன்னு தெரியாமப் போயிடும், ஸ்லைடுல இருக்குற இடத்துலயே டேட் பண்ணச் சொல்லு.