கேட்டுவிட்டு வரும் காட்டேரி

குழு: வியாசர்பாடி குடும்பம்
ஞாயிறு, காலை

அம்மா: பாப்பா ராத்திரி ஒன்றரை மணி வரை போனும் கையுமாக இருந்தாள். எழுப்பினால் கண் வீங்கியிருக்கிறது. அழுதாயாடி?

நான்: படம் பார்த்தேன் மா. ரத்தக் காட்டேரி படம்.

அண்ணன்: பேய்ப் படத்துக்கு அழுத முதல் ஆள் 😂

நான்: பயப்படலாம் என்றுதான் போட்டேன். லெட் த ரைட் ஒன் இன், ஸ்வீடன் படம், 2008. பயம் வரவில்லை, வேறு என்னவோ வந்தது.

நைனா: தமிழ் டப்பிங் இருக்கா?

நான்: இல்லை நைனா, கீழே எழுத்து ஓடும். பேச்சே கொஞ்சம்தான். காட்டேரி பார்க்க 12 வயசுப் பெண். அவளுக்கு மட்டும் ஸ்வீடனிலேயே வேறு பெண்ணை வைத்துக் குரல் கொடுத்திருக்கிறார்கள். குட்டி முகம், கட்டைக் குரல். அதற்கு மேல் பல்லைக் காட்டவே வேண்டாம்.

சித்தி: கதையைச் சொல்லு.

நான்: 1982. ஸ்டாக்ஹோம் ஓரத்தில் நம்ம ஹவுசிங் போர்டு மாதிரி வீடுகள். ஓஸ்கர் என்று ஒரு பையன், பள்ளியில் பசங்க அவனைப் பிடித்துவைத்து அடிப்பார்கள். பக்கத்து வீட்டுக்கு ஏலி குடிவருவாள். பனியில் ஸ்வெட்டர்கூட இல்லாமல் நிற்பாள். இங்கே கரண்ட் போய் எனக்கு நைட்டி முதுகில் ஒட்டிக்கொண்டது. ஆனால் அவன் வாயிலிருந்து புகை வரும்போது கால் சில்லிட்டது, சத்தியமாக.

நான்: மாமா, உங்களுக்கென்றே ஒரு சீன் இருக்கு. உறைந்த ஏரி, ஐஸுக்குள்ளே ஒரு பிணம். அப்படியே பாளமாக அறுத்து எடுப்பார்கள்.

மாமா: விடியற்காலையில் காசிமேட்டில் ஐஸ் பார் உடைக்கிறவனிடம் சொல்லுகிற கதையா இது?

சித்தி: ரெண்டு பேரும் எப்படிப் பேசிக்கொள்வார்கள்?

நான்: சுவரைத் தட்டி. தந்தி மாதிரி, மோர்ஸ் கோட்.

சித்தி: அடிப்பாவி! ராத்திரி எங்கள் சுவரில் டொக் டொக் என்றது நீயா? எலி என்று உன் சித்தப்பா துடைப்பத்தோடு உட்கார்ந்திருந்தார்!

அண்ணன்: எலி இல்லை சித்தி, ஏலி.

ஆயா: காட்டேரியை மரியாதையாகப் பேசுங்கள். எங்கள் ஊரில் காட்டேரி அம்மனுக்குக் கருவாடும் முட்டையும் வைத்துப் படைப்போம். எதுக்குக் கண்ணு அழுதே?

நான்: ஆயா, யாராவது 'உள்ளே வா' என்று சொல்லாமல் அவள் எந்த வீட்டுக்குள்ளும் வரக்கூடாது. வந்தால் என்ன ஆகும் என்று பார்க்க, ஓஸ்கர் ஒருநாள் வேண்டுமென்றே சொல்லமாட்டான். விளையாட்டுக்குத்தான். அவள் படி தாண்டி வந்து பேசாமல் நிற்பாள். கண், காது, தலை எல்லாம் ரத்தமாகக் கசியும். அவன் பதறி ஓடிவந்து கட்டிக்கொண்டு, 'வரலாம், வரலாம்' என்பான். அங்கேதான்.

ஆயா: கேட்டுவிட்டுத்தான் வருமா? அப்போ நல்ல பிள்ளைதான். ராத்திரியில் யாராவது கூப்பிட்டால் மூணாம் தரம்தான் ஏன் என்று கேட்கணும் என்பேனே, அதே கணக்கு.

அண்ணன்: முடிவு?

நான்: சொல்லமாட்டேன். நீச்சல்குளத்தில் கேமரா தண்ணீருக்கு அடியிலேயே இருக்கும், மேலே நடப்பது மங்கலாகத்தான் கேட்கும். அவ்வளவுதான் சொல்வேன்.

அம்மா: பாப்பா, அந்தப் பையனை அடித்த மாதிரி, டியூஷனில் உன்னை யாராவது...

நான்: அது போன வருஷம் மா.

அம்மா: போன வருஷமா?

நைனா: கடையைச் சாத்திவிட்டு வருகிறேன்.

சித்தி: பாப்பா, அந்தத் தந்தி எழுத்தை இங்கே போடு. ராத்திரி தட்டினால் நாங்களும் திருப்பித் தட்டணுமில்ல.