ஒரே பேட்ச் ஃபைல், மூன்று ஷார்ட்கட், மூன்று ஐகான்: ஸ்கிரிப்டில் எப்படி?

ரோஸ்ஹில்_தம்பி:
தைப்பூசத்துக்குக் கோவில் அலுவலகத்தில் ரசீது போட ஒரு பேட்ச் ஃபைல் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் சிறு ஃபைல்) எழுதி வைத்திருக்கிறேன். ஃபைல் பெயருக்குப் பின்னால் 1 கொடுத்தால் காவடி, 2 பால்குடம், 3 அன்னதானம் என்று அதற்குரிய ரசீது பிரிண்டருக்குப் போகும். கவுண்டரில் உட்காரும் பெரியவர்கள் பலருக்குப் பேச்சு மொரிஷியஸ் கிரியோல்தான், தமிழ் எழுத்து வாசிக்க வராது, அதனால் டெஸ்க்டாப்பில் ஆளுக்குப் புரிகிற மாதிரி மூன்று படம் வேண்டும். செயலாளருக்கோ பெயர் தமிழில் இருந்தே ஆக வேண்டுமாம்! ஒவ்வொரு கம்ப்யூட்டராகக் கையால் செய்ய முடியாது என்று, ஷார்ட்கட்களைத் தானே உருவாக்க விபிஸ்கிரிப்டில் (விண்டோஸின் பழைய ஸ்கிரிப்ட் மொழி) எழுதினேன். டார்கெட்பாத்தில் (ஷார்ட்கட் எதைத் திறக்க வேண்டும் என்று சொல்லும் இடம்) ஃபைல் பாதையோடு 1 சேர்த்தால் ஷார்ட்கட் வருகிறது, கிளிக் செய்தால் திறக்க மாட்டேன் என்கிறது. ஐகான் என் லேப்டாப்பில் சரி, மற்றவற்றில் வெறும் வெள்ளைத் தாள். தமிழ்ப் பெயர் கொடுத்தால் சேவ் ஆகவே இல்லை, எரரில் பெயருக்குப் பதில் கேள்விக்குறிகள்.

போர்ட்லூயி_அக்கா:
தம்பி, டார்கெட்பாத்தில் ஃபைலின் பாதை மட்டும்தான் போக வேண்டும். 1, 2, 3 எல்லாம் ஆர்கியுமென்ட்ஸ் என்ற தனி ப்ராப்பர்ட்டியில். ப்ராப்பர்ட்டீஸ் விண்டோவில் இரண்டையும் ஒரே கட்டத்தில் காட்டுவதால் எல்லோரும் இங்கேதான் குழம்புகிறார்கள். ஐகான் விஷயம், ஷார்ட்கட்டுக்குள் படம் ஏறாது, படம் எங்கே இருக்கிறது என்ற பாதை மட்டும்தான் ஏறும். உங்கள் படங்கள் டி டிரைவிலோ பென்டிரைவிலோ இருக்கும், இல்லையா? ஸ்கிரிப்டே முதலில் ஐகான் ஃபைல்களை அந்தந்த கம்ப்யூட்டரின் சி டிரைவுக்கு நகல் எடுக்கட்டும், அப்புறம் ஐகான்லொகேஷன் ப்ராப்பர்ட்டியில் அந்தப் பாதை, ஒரு கமா, 0. அந்த 0 ஃபைலுக்குள் எத்தனையாவது ஐகான் என்பது, எண்ணிக்கை 0-வில்தான் தொடங்கும். பிஎன்ஜி படத்தின் பெயரை மட்டும் மாற்றி ஐகான் ஆக்கப் பார்க்காதீர்கள், நடக்காது.

இன்னொன்று, பிரெஞ்சு விண்டோஸில் டெஸ்க்டாப் 'ப்யூரோ' என்று தெரியுமே தவிர டிஸ்க்கில் அந்த ஃபோல்டரின் பெயர் டெஸ்க்டாப்தான், ஒன்டிரைவ் (மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பு) இருந்தால் இடமே மாறியிருக்கலாம். பாதையை நீங்களே எழுதாமல், அதைச் சொல்லும் ஸ்பெஷல்ஃபோல்டர்ஸ் என்ற ப்ராப்பர்ட்டியிடம் கேட்டு வாங்குங்கள்.

பழைய_நிரலர்:
தமிழ்ப் பெயர் சிக்கல் உங்கள் கோடில் இல்லை. ஷார்ட்கட் உருவாக்க ஸ்கிரிப்ட் கூப்பிடும் விண்டோஸ் ஆப்ஜெக்ட் பழைய காலத்து ஆன்சி எழுத்துமுறையில் வேலை செய்கிறது, தமிழ் போன்ற எல்லா மொழி எழுத்துகளுக்குமான யூனிகோடு அதற்கு எட்டாது. பவர்ஷெல்லிலிருந்து (விண்டோஸின் புதிய ஸ்கிரிப்ட் மொழி) அதே ஆப்ஜெக்டைக் கூப்பிட்டாலும் இதே கதைதான். முதலில் ஆங்கிலப் பெயரில் சேவ் செய்துவிட்டு, ஃபைல்களைக் கையாளும் ஃபைல்சிஸ்டம்ஆப்ஜெக்டின் மூவ்ஃபைல் கட்டளை கொண்டு தமிழ்ப் பெயருக்கு மாற்றுங்கள். விபிஸ்கிரிப்ட் ஃபைலை நோட்பேடில் என்கோடிங் (எழுத்துகளைச் சேமிக்கும் முறை) யுடிஎஃப்-16 எல்இ என்று வைத்து சேவ் செய்ய வேண்டும், யுடிஎஃப்-8 என்றால் தமிழ் குப்பையாகிவிடும். பாதையிலும் ஆர்கியுமென்ட்ஸிலும் தமிழ் வைக்கவே வேண்டாம், நீங்கள் எண் வைத்தது நல்லதாயிற்று.

விபிஸ்கிரிப்டைக் கைவிடப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023-லேயே சொல்லிவிட்டது. இந்த வருடம் ஓடட்டும், அடுத்த தைப்பூசத்துக்குள் பவர்ஷெல்லுக்கு மாற்றிவிடுங்கள்.

ரோஸ்ஹில்_தம்பி:
மூன்றும் வந்துவிட்டன, தமிழ்ப் பெயரோடு. நன்றி அக்கா, ஐயா. இதையே டாஸ்க்பாரில் பின் செய்யலாமா? இழுத்துப் போட்டால் ஏற்கவில்லை.

போர்ட்லூயி_அக்கா:
பேட்ச் ஃபைலை நேரடியாக ஏற்காது. டார்கெட்பாத்தில் சிஎம்டி ப்ரோக்ராமை (பேட்ச் ஃபைலை ஓட்டும் கட்டளை விண்டோ) கொடுத்து, ஆர்கியுமென்ட்ஸில் /சி, அடுத்து மேற்கோள்குறிக்குள் பேட்ச் ஃபைலின் பாதை, அதன் பின் 1 என்று கொடுங்கள். விபிஸ்கிரிப்டில் ஒரு மேற்கோள்குறி வேண்டுமென்றால் இரண்டாகப் போட வேண்டும், மறந்துவிடாதீர்கள். கறுப்பு விண்டோ கண்ணில் படாமலிருக்க விண்டோஸ்டைல் ப்ராப்பர்ட்டியை 7 (சுருக்கிய நிலையில் திறப்பது) என்று வையுங்கள்.