மறு: நோய் ‘மீட்சி’ வேண்டாம், வெள்ளிக்கிழமைக்குள் வேறு சொல் தேவை

அன்புள்ள குழுவினருக்கு,

கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்தவர்களுக்கான பக்கம் மட்டும் முடியவில்லை. கட்டியிலிருந்து வரும் புரதத்தை இரத்தத்தில் அளந்து, நோய் மறுபடி தலைகாட்டுமா என்று கணிப்பதை அதில் விளக்க வேண்டும்.

நோய் இப்படி மறுபடி வருவதற்கு ‘நோய் மீட்சி’ என்றுதான் முதலில் எழுதினேன். நேற்று இங்கே சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடியில் பெரியம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். வரியின் மேல் விரல் வைத்துப் படித்து வந்தவர் அந்தச் சொல்லில் நின்றார். “மீட்சியா? அப்படியென்றால் குணமாகிவிடும், இல்லையா?” முகம் மலர்ந்திருந்தது. நான் கூசிப்போனேன். ஆள் நோயிலிருந்து மீண்டால் நலம். நோயே மீண்டால் கேடு. வினை ஒன்றுதான், எழுவாய்தான் வேறு. தொழிற்பெயராக்கியதும் அந்த எழுவாய் மங்கிவிடுகிறது.

> ‘எச்சவெழுச்சி’ என்க. ‘வினைபகை என்றிரண்டின் எச்சம்... தீயெச்சம் போலத் தெறும்’ (குறள் 674).

இப்படி எழுதிய ஈசூன் வட்டார ஐயா, மிச்சம் வைத்த தீயைப் போலப் பின்னர் அழிக்கும் என்ற குறளின் பொருள் அருமையாகப் பொருந்துகிறது. சிகிச்சைக்குத் தப்பிய உயிரணுக்கள்தாமே பின்னர்ப் பெருகுகின்றன! ஆனால் இலக்கணம் படிக்காதவருக்கு இங்கே எச்சம் என்றால் அடுக்குமாடி புளோக்கின் கீழே மைனா இடுவதுதான். நோயாளியின் கையில் அதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

‘புல்’ என்ற வேரிலிருந்து ‘புரை’, ‘புற்று’ என ஜூரோங் நண்பர் நான்கு மடல்கள் எழுதினார். விரும்பிப் படித்தேன். மேலே இடித்தாலும் உள்ளிருந்து மறுபடி எழும் கறையான் புற்று இந்த நோய்க்கு எவ்வளவு பொருத்தம்! ஆனாலும் நம் மடல் இழை அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கிறது.

இரத்தத்தில் அளக்கும் புரதத்துக்கு அவர் சொன்ன ‘சான்றுப் புரதம்’ மட்டும் கூடவே கூடாது. அந்தப் புரதமான எஸ்.சி.சி. ஆன்டிஜென் 1977இலேயே கருப்பை வாய்ப் புற்றுத் திசுவிலிருந்து பிரிக்கப்பட்டது. சிகிச்சையில் இறங்கிய அதன் அளவு மீண்டும் ஏறினால், உடலில் எதுவும் தென்படுமுன்பே மருத்துவர் விழித்துக்கொள்ளலாம். ஆனால் சிறுநீரகக் கோளாறிலும் சொரியாசிஸ் என்ற தோல் நோயிலும்கூட அது ஏறும். ஐயத்தைக் கிளப்புவதைச் சான்று என்றால், எண்ணைப் பார்த்தே ஒருவர் உயிர் ஒடுங்கிப்போவார். ‘குறிகாட்டிப் புரதம்’ போதும்.

நோய் மீள்வதற்குப் பெரும்பாலோர் ‘மீள்வரவு’ என்று கை தூக்கிவிட்டீர்கள். அலுப்பும் ஒரு காரணம் என்று தெரிகிறது. நல்வரவு சொல்கிற வாயால் நோயின் வரவையும் சொல்வதா என்று ஈசூன் ஐயா இன்னும் மறுக்கிறார். அந்த மறுப்பை என்னால் தள்ள முடியவில்லை. தலைப்பில் ‘மீள்வரவு’ இருக்கட்டும். உள்ளே எல்லா இடத்திலும் ‘நோய் திரும்ப வருதல்’ என்றே எழுதியிருக்கிறேன். பெரியம்மா அதைப் படித்துவிட்டு, “எத்தனை மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் கொடுக்க வேண்டும்?” என்று கேட்டார்.