எழுத்து எல்லாம் தெரிகிறது, சேர்த்துப் படிக்க வரவில்லை. என்ன செய்யலாம்?

தேவனாம்பட்டினம் மாலை வகுப்பு:
வணக்கம். கடலூரில் மாலை நேர வகுப்பு, பிள்ளைகள் எல்லாரும் இரண்டாம் வகுப்பு. அ முதல் னௌ வரை மூச்சு விடாமல் ஒப்பிக்கிறார்கள். ஆனால் 'பட்டம்' என்று எழுதிக் காட்டினால் "ப... இட்... ட... இம்" என்று இழுத்துவிட்டு, பக்கத்திலுள்ள படத்தைப் பார்த்து "காத்தாடி" என்கிறார்கள். 'கால்' சிலருக்குக் 'கரல்' ஆகிறது. சொல்வதை எழுதச் சொன்னால் ந, ன, ண கலந்து வருகிறது. தினம் முக்கால் மணி நேரம்தான் கிடைக்கும். எங்கிருந்து ஆரம்பிப்பது?

பாகூர் டீச்சர்:
கோளாறு அந்த "இட்", "இம்"மில்தான். மெய்யெழுத்தின் பெயரையே அதன் ஒலி என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ப, இட், ட, இம் நான்கையும் எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் பட்டம் வராது. புள்ளி எழுத்தைத் தனியாகச் சொல்லவே விடாதீர்கள். முன்னால் நிற்கும் எழுத்தோடு ஒட்டித்தான் படிக்க வேண்டும். பட்–டம், பக்–கம், கப்–பல். ஒட்டுகிற இடத்துக்குக் கீழே பென்சிலால் வளைவு போடுங்கள். ஒரு வளைவுக்கு ஒரு தட்டு.

247 எழுத்தையும் ஒதுக்கிவையுங்கள். ப, ட, ம, க, ர, ல, கூடவே புள்ளி. படம், மரம், கல், பல், கடல், பகல், பட்டம், கட்டம், பக்கம், கப்பல் எல்லாம் இதற்குள்ளேயே கிடைக்கும். இவற்றைத் திக்காமல் படித்த பிறகு துணைக்கால்: கல்–கால், பல்–பால், படம்–பாடம். துணைக்காலும் ரகரமும் அச்சில் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால்தான் 'கரல்'. ரகரத்தின் அடியில் சாய்கோடு உண்டு, துணைக்காலுக்குக் கிடையாது. அதைக் காட்டிவிட்டு 'காரம்' எழுதிப் படிக்கச் சொல்லுங்கள். இரண்டும் அதில் இருப்பதால் புரிந்ததா இல்லையா என்று உடனே தெரிந்துவிடும்.

உகரத்தைக் கு, ஙு, சு, ஞு என்று வரிசையாக நடத்தினால் வடிவம் தாறுமாறாகத் தெரியும். வடிவ வாரியாகப் பிரியுங்கள்: பு, சு, யு, வு ஒரு கூட்டம், து, நு, ணு, லு, று, னு ஒரு கூட்டம், கு, டு, மு, ரு, ழு, ளு கடைசி. (ஙு எந்தச் சொல்லிலும் வராது. அதற்கு ஒரு நாளைச் செலவழிப்பானேன்?)

கொம்பு வரிசை எல்லாவற்றுக்கும் பிறகு. எழுத்துக்கு முன்னால் நிற்கிற குறி, ஒலிப்பதோ பின்னால். 'கொடி'யைக் கெ–ர–டி என்று உடைப்பார்கள். கொம்பைக் கண்டால் வலப்பக்கம் கால் இருக்கிறதா என்று பார்த்த பிறகே வாயைத் திறக்க வேண்டும் என்று பழக்குங்கள்.

கெடிலக்கரை:
ந, ன, ண குழப்பத்தில் பாதி, இடத்தைப் பார்த்தாலே தீரும். சொல்லின் முதலில் ந மட்டும்தான் வரும்: நாய், நிலா, நண்டு. நடுவில் அடுத்த எழுத்தைப் பார்க்க வேண்டும். ட வந்தால் ண் (நண்டு, வண்டி), த வந்தால் ந் (பந்து), ற வந்தால் ன் (கன்று). டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்ற பழைய பெயர்களிலேயே இந்த விதி இருக்கிறது. 'மூணு சுழி, ரெண்டு சுழி' வடிவத்தைச் சொல்லும், இடத்தைச் சொல்லாது. பணம், மனம் மாதிரிச் சொற்களுக்கு விதி உதவாது, கண்ணில் பதிய வேண்டியதுதான்.

ல, ள, ழ மூன்றையும் ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நடத்தாதீர்கள். வீட்டுப் பேச்சில் ழகரமும் ளகரமும் ஒன்றாகிவிடுவதால் காது கைகொடுக்காது. ஒரு வாரம் மழை, பழம், வாழை, குழந்தை மட்டும். பள்ளி, வெள்ளை எல்லாம் அடுத்தடுத்த வாரங்களில்.

முத்தியால்பேட்டை:
இன்னும் ரெண்டு விஷயம். தனியா 'ட'ன்னு அழுத்திச் சொல்லிப் பழகின பிள்ளை, படத்தையும் பட்டம் மாதிரியே அழுத்தும். விதி சொல்ல வேணாம். படம்–பட்டம், பாடு–பாட்டு, பகல்–பக்கம்னு ஜோடியா சத்தமாப் படிக்க விட்டாப் போதும்.

அடுத்தது, பேசறது 'இருக்கு', 'வந்துச்சு'. புத்தகத்துல 'இருக்கிறது', 'வந்தது'. எழுத்துக்கூட்டி முடிச்சாலும் அது தனக்குத் தெரிஞ்ச வார்த்தைதான்னு பிள்ளைக்குப் பிடிபடாது. இருக்கிறது, வந்தது, என்று, அவர்கள், போகிறார் இந்த மாதிரி வாரத்துக்கு 5 அட்டை எழுதி, பார்த்ததும் சொல்ற அளவுக்குக் கொண்டுவாங்க. பஸ் போர்டும் நல்ல பாடம். கடலூர், வடலூர் ரெண்டுலயும் முதல் எழுத்து மட்டும்தான் மாறும்.

தேவனாம்பட்டினம் மாலை வகுப்பு:
நன்றி, திங்கட்கிழமை முதல் ஆறு எழுத்தோடு தொடங்குகிறேன். இவர்களுக்கே இங்கிலீஷும் நடத்த வேண்டும். உச்சரிப்பைத் தமிழில் எழுதிக் கொடுக்கலாமா?

பாகூர் டீச்சர்:
வேண்டாம். குண்டூசி, குப்பைத்தொட்டி இரண்டுக்குமான ஆங்கிலச் சொற்கள் தமிழில் 'பின்' என்றே வந்து நிற்கும். வாய்க்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்து இரண்டையும் சொல்லச் சொல்லுங்கள். குண்டூசிக்குக் காகிதம் படபடக்கும், தொட்டிக்கு அவ்வளவாக அசையாது. காது இரண்டையும் பிரித்த பிறகு எழுத்தைக் காட்டினால் போதும்.