ஏசி சார்ஜ் ஏறவில்லை, டிசி ஏறுகிறது: சார்ஜர் பெட்டி முழுவதையும் மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி

வணக்கம். பொது வாரண்டி முடிந்துவிட்ட என் மின்சார காரில் ஏசி சார்ஜ் (வீட்டில் வரும் மாறுதிசை மின்சாரத்தில் ஏற்றுவது) திடீரென நின்றுவிட்டது. பிளக்கைச் செருகியதும் பூட்டு விழுகிறது; உள்ளே ‘டக்’கென்று ரிலே ஒலி கேட்கிறது; பச்சை விளக்கு சில நொடிகள் மின்னிவிட்டுச் சிவப்பாகிவிடுகிறது. கேபிளை மாற்றியும், வேறொரு சார்ஜிங் பாயின்ட்டில் போட்டும் பார்த்துவிட்டேன், பலன் இல்லை. ஆனால் நேர்திசை மின்சாரம் தரும் டிசி ஃபாஸ்ட் சார்ஜரில் வழக்கம்போல ஏறுகிறது, ஓட்டுவதிலும் குறையில்லை. ஆன்-போர்டு சார்ஜரும் (ஏசியை டிசியாக மாற்றிப் பேட்டரிக்குத் தருவது) டிசி-டிசி கன்வெர்ட்டரும் (பெரிய பேட்டரியிலிருந்து 12 வோல்ட் பேட்டரிக்கு மின்சாரம் தருவது) சேர்ந்த பெட்டியை முழுதாக மாற்ற வேண்டும் என்று சர்வீஸ் சென்டரில் எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். வண்டியை இன்று விற்றால் கிடைக்கும் தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். 8 ஆண்டு பேட்டரி வாரண்டி இன்னும் மீதமிருக்கிறது. அது இதற்குப் பொருந்துமா? பொருந்தாதென்றால், பெட்டியைத் திறந்து பழுது பார்க்க வழியுண்டா?

பதில் 1

நீங்கள் சொன்ன அறிகுறிகளிலிருந்தே பாதி விடை கிடைக்கிறது. டிசி ஃபாஸ்ட் சார்ஜ் ஆன்-போர்டு சார்ஜரைத் தொடாமல் நேரே பேட்டரிக்குப் போகிறது என்பதால் பேட்டரியின் மீது சந்தேகம் வேண்டாம். ஏசியும் டிசியும் ஒரே வாய்க்குள் இருக்கும் சிசிஎஸ் 2 வகை வண்டியென்றால், இரண்டுக்கும் பைலட் சிக்னல் கம்பி (வண்டியும் சார்ஜிங் பாயின்ட்டும் பேசிக்கொள்ளும் கம்பி) ஒன்றேதான். டிசி ஏறுகிறது என்றால் அந்தக் கம்பியும் நலமாகவே இருக்க வேண்டும். மிஞ்சுவது ஏசி பின்கள், அவற்றின் சூட்டைக் கவனிக்கும் சென்சார், அங்கிருந்து சார்ஜர் வரை போகும் கேபிள், அதன் பிறகு சார்ஜர். பின்களில் கருகலோ நிறமாற்றமோ தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சார்ஜிங் வாய் மட்டும் கெட்டிருந்தால் செலவு வெகுவாகக் குறையும்.

வண்டியை ஆன் செய்த நிலையில் 12 வோல்ட் பேட்டரியின் முனைகளில் மல்டிமீட்டர் வைத்து அளந்து பாருங்கள். பொதுவாக 13.5 முதல் 14.5 வோல்ட் வரை காட்டினால் டிசி-டிசி கன்வெர்ட்டர் வேலை செய்கிறது என்று கொள்ளலாம். 12 வோல்ட் பேட்டரி தளர்ந்துபோனால் தொடர்பே இல்லாத ஃபால்ட் கோடுகளெல்லாம் (வண்டி காட்டும் பழுதுக் குறியீடுகள்) எழும். அது காரணமில்லை என்று உறுதிசெய்யாமல் எந்த எஸ்டிமேட்டையும் நம்ப வேண்டாம். உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிறக் கேபிள்கள் எதிலும் நீங்களாகக் கை வைக்காதீர்கள்.

பதில் 2

வாரண்டி பற்றி மட்டும் எழுதுகிறேன். 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்று பரவலாகத் தரப்படுவது பெரும்பாலும் பேட்டரிக்கான உறுதி. சில நிறுவனங்கள் மோட்டாரையும் இன்வெர்ட்டரையும் அதில் சேர்க்கின்றன, சில சார்ஜரையும் சேர்க்கின்றன, சில எதையுமே சேர்ப்பதில்லை. ஆகவே கவுன்ட்டரில் சொல்லும் வாய்மொழியை விட்டுவிட்டு, வாரண்டிப் புத்தகத்தில் உள்ள பாகப் பட்டியலைப் படியுங்கள்.

அடுத்து, சேஸிஸ் எண்ணைக் கொடுத்து ரீகால் (குறைபாட்டுக்காக நிறுவனமே வண்டிகளைத் திரும்ப அழைப்பது) ஏதும் நிலுவையில் உள்ளதா என்று எழுத்தில் கேளுங்கள். டெஸ்லாவின் மாடல் எஸ், மாடல் எக்ஸ் பழைய வண்டிகளில் 8 ஜிபி ஃப்ளாஷ் நினைவகம் தேய்ந்து திரை செத்துப்போன சிக்கலுக்கு, 2021-இல் அமெரிக்காவில் சுமார் 1,35,000 வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. அதற்கு முன் சொந்தக் காசில் மாற்றியவர்களுக்குப் பணத்தைத் திரும்பப் பெறும் வழியும் இருந்தது. உங்களுடையதைப் போலவே சார்ஜரும் கன்வெர்ட்டரும் ஒன்றாயிருக்கும் பெட்டிக்காக ஹூண்டாய் ஐயோனிக் 5, கியா இவி6 முதலியவை 2024-இல் அங்கே ரீகால் செய்யப்பட்டன. எனவே இன்று பணம் கட்ட நேர்ந்தாலும் பில்லையும் ஃபால்ட் கோடு அச்சையும் தொலைத்துவிடாதீர்கள்.

பதில் 3

இத்தகைய பெட்டிகளை போர்டு அளவில் பழுது பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். ரிலே ஒலி கேட்டபின் சிவப்பாகிறது என்பதால் பைலட் உரையாடல் முடிந்து, உள்ளே மின்சாரம் எடுக்கத் தொடங்கும் கட்டத்தில்தான் தடை விழுகிறது. அங்கே இருப்பவை ஃபியூஸ், தொடக்க மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ப்ரீ-சார்ஜ் ரெசிஸ்டர், பிறகு அதைத் தாண்டிவிடும் ரிலே, மாஸ்ஃபெட்டுகள் (மின்சாரத்தை வேகமாகத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர்கள்), பெரிய கெப்பாசிட்டர்கள். நான் பார்த்தவரை சாவது பெரும்பாலும் இந்த வரிசையில் ஒன்றுதான். கட்டுப்பாட்டு சிப் கெடுவது அரிது. போர்டில் சால்டர் செய்த ஃபியூஸ் மட்டும் போயிருக்கிறது என்று யாராவது அதை மட்டும் மாற்றித் தந்தால் வாங்காதீர்கள். ஷார்ட் ஆன மாஸ்ஃபெட் உள்ளேயே இருந்தால் புது ஃபியூஸும் முதல் செருகலிலேயே போய்விடும்.

சர்வீஸ் சென்டர் பெட்டியைத் திறக்க மறுப்பதை நான் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். சில பெட்டிகளில் போர்டின் மேல் பிசின் ஊற்றியிருப்பார்கள், அதைச் சுரண்டி எடுப்பதற்குள் போர்டின் செம்புத் தடங்கள் பிய்ந்துவிடும். கூலன்ட் ஓடும் பாதை மூடியோடு சேர்ந்திருப்பதால் கேஸ்கெட்டைச் சரியாகப் போடாவிட்டால் உயர் மின்னழுத்தப் போர்டின் மேலேயே திரவம் கசியும். ஆகவே பழுது பார்ப்பவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது விலையை அல்ல; மூடியபின் காற்றழுத்தம் கொடுத்துக் கசிவு பார்ப்பாரா, முழு லோடில் ஓட்டிக் காட்டுவாரா என்பதைத்தான். இரண்டுக்கும் தெளிவான பதில் வராவிட்டால் பெட்டியைக் கொடுக்காதீர்கள்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. 12 வோல்ட் பேட்டரி 14.1 காட்டுகிறது, பின்களில் கருகல் இல்லை. வாரண்டிப் பட்டியலில் சார்ஜர் இடம்பெறவில்லை, ரீகாலும் இல்லை என்று எழுத்திலேயே பதில் வந்துவிட்டது. பெட்டியைத் திறந்த பழுதுநர், இரண்டு மாஸ்ஃபெட்டுகள் ஷார்ட், ஃபியூஸ் போய்விட்டது, ரிலேயின் தொடுமுனை கருகியிருக்கிறது என்று படம் அனுப்பினார். அவர் கேட்கும் கூலி அந்த எஸ்டிமேட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இதற்கிடையில் விபத்து வண்டியிலிருந்து கழற்றிய பெட்டி ஒன்று ஏறக்குறைய அதே விலைக்குக் கிடைக்கிறது. எதை எடுக்கலாம்?

பதில் 3

உங்கள் பெட்டியையே பழுது பார்ப்பது நல்லது. கழற்றிய பெட்டி பழைய வண்டியின் சேஸிஸ் எண்ணோடு பதிவாகியிருந்தால், நிறுவனத்தின் மென்பொருள் இல்லாமல் உங்கள் வண்டி அதை ஏற்காது. ஏற்றாலும் அது எத்தனை கோடையைக் கண்டது என்பது யாருக்கும் தெரியாது. படத்தில் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா என்று பார்த்து, சந்தேகமிருந்தால் அவற்றையும் இப்போதே மாற்றச் சொல்லுங்கள். மாட்டியபின் கூலன்ட்டில் காற்று நீக்கச் சொல்லி, முதல் சில முறை ஆம்பியரைக் குறைத்து வைத்து ஏற்றுங்கள். ஒவ்வொரு முறையும் கூலன்ட் அளவைக் குறித்துக்கொண்டு, அது இறங்கினால் உடனே ஏசி சார்ஜை நிறுத்திவிட்டுப் பெட்டியைத் திரும்பக் கொண்டு செல்லுங்கள்.