உயில்தான் பதிவாகியிருக்கிறதே, அப்புறம் எதற்குப் புரோபேட்?

கேள்வி: அப்பா போன மாதம் தவறிவிட்டார். மயிலாப்பூர் வீடும் டெபாசிட்டும் அம்மாவுக்கு என்று எழுதிய உயில், சார்பதிவாளர் முத்திரையோடு பீரோவில் இருக்கிறது. வங்கிக்குப் போனால் 'புரோபேட் வாங்கினீர்களா, எக்சிகியூட்டர் யார்' என்கிறார்கள். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

பதில்: உயிலைப் பதிவு செய்வது கட்டாயமே இல்லை சார், செய்திருந்தால் ஒரு கூடுதல் ஆதாரம், அவ்வளவுதான். இதுதான் அவருடைய கடைசி உயில் என்று கோர்ட் ஏற்றுக்கொண்டு, முத்திரை வைத்துத் தரும் சான்றிட்ட நகல்தான் புரோபேட். உயிலில் எழுதியதை நிறைவேற்றி வைக்கும் ஆள் எக்சிகியூட்டர். யார் பெயராவது போட்டிருக்கிறதா?

கேட்டவர்: இல்லை சார். கடைசிப் பக்கத்தில் சாட்சிகள் இரண்டு பேர் கையெழுத்து மட்டும்தான்.

இன்னொரு பதில்: அப்படியென்றால் புரோபேட் கிடைக்காது தம்பி, அதை எக்சிகியூட்டருக்குத்தான் தருவார்கள். 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயிலை இணைத்து 'லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன்' (சொத்தை நிர்வகிக்கக் கோர்ட் தரும் அதிகாரப் பத்திரம்) கேட்டு அம்மா மனுப் போடலாம். தாசில்தார் தரும் வாரிசு சான்றிதழோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள், அது வாரிசு யார் யார் என்று மட்டும்தான் சொல்லும். சரி, அந்தச் சாட்சிகளில் ஒருவராவது உயிரோடு இருக்கிறாரா? உயில் உண்மையானது என்று கோர்ட்டில் சொல்ல அவர் வேண்டும், முதலில் அவரைப் போய்ப் பாருங்கள்.